பாட்டே ஓடாத ஹெட்போன்: ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்

போன வாரம் பழைய சிநேகிதி ஒருத்தி போன் பண்ணா. அவ வீட்டுக்காரர் பைக்ல இருந்து விழுந்து தலையில அடி. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. ஆனா குக்கர் விசில் அடிச்சா மனுஷன் காதைப் பொத்திக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போயிடறாராம். "நீ ஒண்ணு மாட்டிக்கினு சுத்துவியே, நாய்ஸ் கேன்சலிங், அது நல்லா இருக்காடி? இப்ப விலை கொறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?"ன்னு கேட்டா. ஆமாவும் சொல்ல வரல, வேணாம்னும் வரல. யோசிச்சு எழுதி அனுப்பறேன்னு வெச்சிட்டேன். அதுதான் இது. நான் 22 ஆயிரம் குடுத்தது இப்ப 14 ஆயிரத்துக்கு வருதாம். அந்த வயித்தெரிச்சலும் நடுநடுவுல தெரியும், கண்டுக்காதீங்க.

பேஸ் எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம்ங்கறதெல்லாம் யூடியூப்ல ஆயிரம் பேர் சொல்லியாச்சு. எனக்குத் தெரியாது. இந்த ரெண்டு வருஷத்துல நான் இதுல பாட்டு கேட்டது பத்து தடவை இருந்தா அதிகம்.

2023 தீபாவளிக்கு முந்தின வாரம். சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல நான் கணக்கு எழுதற ஜவுளிக் கடையில மூச்சு விட நேரமில்ல. ராத்திரி பத்து மணிக்கு ஷேர் ஆட்டோல திரும்பறேன். டி.எச். ரோட்டுப் பள்ளத்துல வண்டி எகிறிச்சு, மேல இருக்கற இரும்பு பைப் வலது நெத்திப்பொட்டுல ணங்னு விழுந்துச்சு. ரத்தம் இல்ல, மயக்கம் இல்ல. வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை கூட சாப்பிட்டேன். வாந்தி மறுநாள் காலைலதான். அடி பட்ட பிறகு வாந்தியோ, ஏறிக்கிட்டே போற தலைவலியோ வந்தா தயவுசெஞ்சு என்னை மாதிரி அரை நாள் தைலம் தேய்ச்சுக்கிட்டு படுத்துக்கிடக்காதீங்க.

சிடி ஸ்கேன் நார்மல். "இது கன்கஷன், அடியில மூளை குலுங்கிப் போறது. இதுல ஸ்கேன் நார்மலாத்தாம்மா இருக்கும், உள்ள ரத்தக்கசிவு இல்லைன்னு பாக்கத்தான் அது"ன்னார் டாக்டர். தலைவலி ஒரு மாசத்துல கொறைஞ்சிடுச்சு. சத்தம் மட்டும் கொறையல. தண்டையார்பேட்டையில பொறந்து வளர்ந்தவ நான். கொருக்குப்பேட்டை கேட்ல கூட்ஸ் வண்டி ஊதறது எனக்குத் தாலாட்டு. அப்படிப்பட்டவளுக்கு டம்ளரை டபராவுல வெச்சா பல்லு கூசற மாதிரி மண்டை கூசுச்சு. காது டெஸ்ட் எடுத்தாங்க, அதுவும் நார்மல். ஆடியாலஜிஸ்ட் மேடம் ஹைப்பரகூசிஸ்னு ஒரு பேர் சொன்னாங்க. காது சரியாத்தான் வேலை செய்யுது, மூளைதான் உள்ள வால்யூமைக் கூட்டி வெச்சுக்கிட்டு இறக்க மாட்டேங்குதுன்னு விளக்கினாங்க.

அதுக்குத்தான் 2024 பொங்கல் ஆஃபர்ல இதை வாங்கினேன்.

முதல்ல நியாயமா நல்லதைச் சொல்லிடறேன். இது வெளிய வர்ற சத்தத்தை மைக்ல கேட்டு, அதுக்கு நேர் எதிரான அலையை உள்ள விட்டு ரெண்டையும் அடிச்சுக்க வைக்குது. ஒரே மாதிரி ஓடற கனமான சத்தம்னா அப்படியே முழுங்கிடும். சீலிங் ஃபேன், எதிர் கடை ஜெனரேட்டர், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல வரிசை கட்டி நிக்கற கன்டெய்னர் லாரிங்க உறுமல், எல்லாம். இப்ப ஷேர் ஆட்டோ பக்கமே போறதில்ல, மெட்ரோதான். வண்ணாரப்பேட்டையில ஏறினா நடுவுல தியாகராயா காலேஜ், அடுத்தது தண்டையார்பேட்டை. மூணு ஸ்டேஷனும் பூமிக்கு அடியில. சுரங்கத்துல வண்டி போடற ஊளை இதை மாட்டினா பெருமூச்சு மாதிரி ஆயிடும். முதல் நாள் அந்த ரெண்டு ஸ்டேஷனுக்குள்ள எனக்கு அழுகையே வந்துடுச்சு. குடுத்த காசு அன்னைக்கே வசூலாயிடுச்சுன்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா பாத்திரம் தேய்ச்சு கவுக்கறாங்க.

இங்கதான் எனக்கு ஆத்திரம். எவர்சில்வர் தட்டு, கரண்டி, மூடி விழற சத்தம், பசங்க கேரம் ஆடறப்ப ஸ்ட்ரைக்கர் கட்டையில மோதற 'டக்'. சட்டுனு வர்ற, கூரான சத்தத்தை இது பிடிக்கவே பிடிக்காது. ஒரே நேரத்துக்கு ஒரே வழியா வர்ற திருடனைத்தான் இந்த வாட்ச்மேன் பிடிப்பான். அதோட நிக்கல. ஃபேன் சத்தமும் லாரி சத்தமும் இருந்த வரைக்கும் தட்டு சத்தம் அதுங்களுக்குள்ள கொஞ்சம் ஒளிஞ்சு கிடந்தது. இது ஃபேனையும் லாரியையும் எடுத்துட்டு, அமைதியான ரூம்ல தட்டை மட்டும் என் காதுகிட்ட கொண்டாந்து போடுது. நான் தாங்கக்கூடிய சத்தத்தை வாங்கிக்கிட்டு, தாங்க முடியாததைத் துடைச்சு பளபளன்னு கையில குடுக்குது. இதுக்கு 22 ஆயிரம்.

ஹார்பர்ல வேலை செய்யற அண்ணன் ஒரு மஞ்சள் இயர் மஃப் கொண்டாந்து குடுத்தான். 600 ரூபா. பேட்டரி இல்ல, மைக் இல்ல, ரெண்டு கிண்ணமும் ஒரு பட்டையும்தான். தட்டு சத்தத்துக்கு 22 ஆயிரத்தை விட அதுதான் மேல்னா நம்புவீங்களா? ஆனா அது அடி பட்ட அதே பொட்டுல இடுக்கி மாதிரி பிடிக்கும், இருபது நிமிஷத்துல வேற தலைவலி. மெடிக்கல்ல கிடைக்கற பஞ்சு மாதிரி இயர் பிளக்கும் உருட்டி ஒழுங்கா வெச்சா நல்லாவே அடைக்கும். அவசரத்துக்கு அதுதான் பையில கிடக்குது.

ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்க. அதுக்கு இந்த மூணுமே தோத்துப்போகும். 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. எங்க சந்துல ரெண்டு பேர் வாசப்படியில உக்காந்து ஊர்க்கதை பேசினாலே 55 தாண்டிடும். சாவு மோளத்துக்கும் பட்டாசுக்கும் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். கடைசியா ஒரு தடவை போறவங்களை சத்தமில்லாம போங்கன்னு எப்படிச் சொல்றது. அன்னைக்கு பெரியம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.

என் தப்பையும் சொல்லணும். முதல் நாலு மாசம் தூங்கற நேரம் தவிர இதைக் கழட்டவே இல்ல. ஒரு நாள் சார்ஜ் தீர்ந்து கழட்டினேன், ஃபேன் சத்தம் லாரி மாதிரி கேட்டுச்சு. ஆடியாலஜிஸ்ட் மேடம் திட்டு திட்டுன்னு திட்டிட்டாங்க. சத்தமே இல்லாம வெச்சா மூளை இன்னும் வால்யூமைக் கூட்டும், அமைதியான இடத்துல போடவே போடாதேன்னாங்க. அப்புறம் தினமும் கொஞ்ச நேரம் கழட்டி வெச்சுட்டு, மொட்டை மாடியில சும்மா உக்காந்தேன். தூரத்துல கூட்ஸ் வண்டி ஊதறது மறுபடி தாலாட்டா மாற ஏழெட்டு மாசம் ஆச்சு. இப்ப நாளைக்கு ரெண்டு மணி நேரம் மாட்டினா பெருசு.

ரிப்பேர் கதை. ஒன்றரை வருஷத்துல நம்ம ஊர் வேர்வைக்கு காது மெத்தை தோல் உரிஞ்சு, முகம் கழுவினா காதோரம் கறுப்புக் கறுப்பா எள்ளு தூவின மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். தோல் உரிஞ்சா அசிங்கம் மட்டும் இல்ல, இடுக்கு வழியா காத்து புகுந்து கனமான சத்தத்தையும் பிடிக்க மாட்டேங்குது. மெத்தை மாத்த கம்பெனி சர்வீஸ்ல சொன்ன விலையைக் கேட்டு திரும்பிட்டேன், வெளிய 700 ரூபாய்க்கு மாத்தினேன். அதுக்கப்புறம் வலது பக்க மடிப்பு தலையைத் திருப்பறப்பல்லாம் 'கிரீச்'னு முனகுது. பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்காது. எலும்பு வழியா எனக்கு மட்டும் கேக்கும். இப்ப அங்க பிளாஸ்திரி சுத்தியிருக்கேன், பாதி அடங்கிடுச்சு. சார்ஜ் கொறைஞ்சா ஒரு பொம்பளை காதுக்குள்ள இங்கிலீஷ்ல கத்துவா பாருங்க, அவ குரலைக் கொறைக்க செட்டிங்கே இல்ல. சத்தத்துக்குப் பயந்து வாங்கற பொருள்ல இதை வெச்சவன் யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய் கேப்பேன்.

பக்கத்து வீட்டு ஆயா காசிமேட்டு மீனைக் கூடையில வெச்சு தெருத்தெருவா கூவி வித்தவங்க. அந்தத் தொண்டை இன்னும் இறங்கல. நான் எந்நேரமும் பாட்டு கேக்கறேன்னு அவங்களுக்கு ஒரு கோபம். ஒரு நாள், "எனக்கும் ஒரு பாட்டு போட்டுக் காட்டுடி"ன்னாங்க. கொண்டைக்கு மேல மாட்டிவிட்டேன்.

"இன்னாடி, ஒண்ணுமே வரல. கெட்டுப்போச்சா?"

"பாட்டு இல்ல ஆயா. இது அவ்ளோதான்."

"இத்துக்கா காசு குடுத்த?"

ஆனா கழட்டல. எதிர் கடை ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்தது. வெத்தலை மெல்லற வாய் நின்னுச்சு. பத்து நிமிஷம் சுவத்துல சாஞ்சு கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க. அந்த ஆயாவை நான் அவ்ளோ நேரம் பேசாம பாத்ததே இல்ல. கழட்டிக் குடுக்கறப்ப, என் காதுகிட்ட வந்து, அவங்களுக்கு ரகசியம்னு தோணற அளவுல, "மருமவ சீரியல் போடற நேரத்துக்கு தர்றியா"ன்னாங்க.

ஆக, வாங்காதேடி. குக்கர் விசில், தட்டு மாதிரி சட்டுனு வர்ற சத்தம்தான் உன் வீட்டுக்காரருக்குப் பிரச்சனைன்னா இது சுத்த வேஸ்ட், 14 ஆயிரத்துக்கும் வேஸ்ட். முதல்ல ஒரு காது டெஸ்ட் எடு, மாவு சல்லடை முதக்கொண்டு பாத்திரத்தையெல்லாம் துணி விரிச்சு அதுமேல கவுத்து வை. அம்மா இப்ப அப்படித்தான் செய்யறாங்க, பாதி சண்டை கொறைஞ்சிடுச்சு. என்னோடது நாளைக்கு உடைஞ்சா நான் என்ன பண்ணுவேன்னு கேக்காதே, அதே மாடலைத்தான் சாயங்காலத்துக்குள்ள வாங்குவேன். மெட்ரோ சுரங்கத்துக்கு எனக்கு அது வேணும்.

அவருக்கு ஒரு தடவை போட்டுப் பாக்கணும்னா கூட்டிக்கிட்டு வா. எட்டு மணிக்குள்ள வந்துடு. அதுக்கு மேல ஹெட்போன் ஆயாகிட்ட இருக்கும்.