சொந்த சிலிண்டரா, வாடகை சிலிண்டரா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு ஸ்டெயின்லெஸ் குழாய் பற்றவைப்பதுதான் எங்கள் பட்டறையின் பிழைப்பு. பற்றவைக்கும் இடத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயு இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. நான்கு வருடம் சொந்தமாக இரண்டு சிலிண்டர் வைத்திருந்தேன். இப்போது வாடகைக்கு மாறிவிட்டேன்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொந்தம் என்றால் முதலிலேயே பெரிய தொகை. வாடகை என்றால் டெபாசிட், நாள் வாடகை. சீசன் இல்லாத மாதங்களில் அந்த வாடகை உறுத்தத்தான் செய்யும். ஆனால் என்னை மாற்றியது ஹைட்ரோ டெஸ்ட், அதாவது சிலிண்டர் தாங்குமா என்று தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை.

ஆர்கான், ஆக்சிஜன் சிலிண்டர்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தேதி தாண்டியதை நிரப்பக் கூடாது என்பது விதி. என் சிலிண்டர்களுக்குத் தேதி முடிந்தது மே மாதம். ஆலைகள் கூழ் ஓட்ட ஆரம்பித்த நேரம்!

சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வால்வைக் கழற்றி உள்ளே சின்ன பல்பை இறக்கினார்கள். ஒன்றின் அடியில் துருக் குழி. அதற்கு அதோடு சரி. மற்றதை எடை போட்டு, தண்ணீர் நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோ அழுத்தம் ஏற்றினார்கள். நாம் நிரப்புவது 150தான். சிலிண்டர் உப்ப உப்ப, பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறியது. அழுத்தத்தை எடுத்ததும் அது இறங்க வேண்டும். ஏறியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்காமல் நின்றால் இரும்பு தளர்ந்துவிட்டது, கழித்துவிடுவார்கள். இது தேறியது. துருப்பிடித்ததை மறுபடி யாரும் நிரப்ப முடியாதபடி அறுத்துத்தான் கொடுத்தார்கள். பழைய இரும்பு விலைதான் கிடைத்தது. செகண்ட்ஹேண்டில் வாங்கியது; அன்றைக்குக் கழுத்தில் அடித்திருந்த தேதியை நான் பார்க்கவே இல்லை.

வாடகையில் இந்தப் பொறுப்பு ஏஜென்சிக்காரருடையது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. லோடு இறக்கும்போதே கழுத்தைத் துடைத்து டெஸ்ட் தேதி பார்க்கிறேன். உடம்பில் ஒடுக்கோ வெல்டிங் ஆர்க் (மின்பொறி) பட்ட தழும்போ இருந்தால் வண்டியிலேயே திருப்பி அனுப்புகிறேன்.

தினமும் ஆக்சிஜன் ஓடும் கட்டிங் பட்டறைக்குச் சொந்தம் கட்டுப்படியாகலாம். நான் அதிகம் புழங்கியது ஆர்கான் மட்டும், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தேறிய சிலிண்டரை விற்கவில்லை. சீசன் நெருக்கடிக்கு ஸ்பேராக நிற்கிறது. அடுத்த டெஸ்ட்டுக்கு மார்ச்சிலேயே அனுப்பிவிட வேண்டும் என்று பட்டறைக் கதவில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.