பாத்டப்பில் காய்ந்த கிரவுட்: ஆசிட் பாட்டிலோடு வருபவரை உள்ளே விடாதீர்கள்

வேளச்சேரியில் எங்கள் ஃப்ளாட்டை ரீசேலில் வாங்கியபோதே குளியலறையில் ஒரு வெள்ளை அக்ரிலிக் பாத்டப் இருந்தது. முதலில் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. வெந்நீரில் அரைமணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தால் அன்றைக்கு வலி பாதியாகிவிடும் என்பார். அதனால் அதை விட்டுவைத்தோம்.

போன மாதம் கீழ்வீட்டுக் கூரையில் நீர்க்கசிவு. டப்பைச் சுற்றியுள்ள மூன்று சுவர்களிலும் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதாயிற்று. தெரிந்தவர் சொல்லி ஒரு காண்ட்ராக்டர் வந்தார். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கலவைக்குத்தான் கிரவுட் என்று பெயர். "சாதா கிரவுட் தண்ணியை இழுக்கும் மேடம், எபாக்ஸி போட்டா ஒரு சொட்டு இறங்காது" என்றார். அது உண்மைதான். எபாக்ஸிக்கென்று கூடுதலாக 9,500 ரூபாய் கேட்டார். கசிவுக்குப் பயந்து ஒத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் நான் ஆபீசில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பி, வேலை முடிந்தது என்றார். சுவர் அழகாக இருந்தது. மீதிப் பணத்தை அப்போதே அனுப்பிவிட்டேன். நான்கு படங்களில் ஒன்றில்கூட டப் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால், டப்பின் விளிம்பு நெடுக பழுப்பு நிறக் கிரவுட் வழிந்து, சொட்டுச் சொட்டாக நின்று காய்ந்திருந்தது. அடியில் வாளியை வைத்த இடத்தில் முழு வட்டமாக ஒரு தடம். பக்கச் சுவரில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை அடையாளம். தண்ணீர் போகும் துளையைச் சுற்றி மணலும் கிரவுட்டும் அடை போல அப்பியிருந்தன. கலவை வாளியை டப்புக்குள்ளேயே கழுவி ஊற்றியிருக்கிறார்கள்.

போன் செய்தேன். "அது ஒண்ணுமில்லை மேடம், நாளைக்குப் பையன் வந்து ஆசிட் போட்டா பளிச்சுனு ஆயிடும்."

மறுநாள் வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கையில் ஆசிட் பாட்டில், ஒரு பாட்டில் தின்னர், பட்டி பார்க்கிற இரும்பு பிளேடு. கையுறை கிடையாது. நான் ஹாலில் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் நெடி வெளியே வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பையன் கண் சிவந்து இருமிக்கொண்டிருந்தான். முதலில் அவனை வெளியே இழுத்து, கையையும் முகத்தையும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொன்னேன். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கையுறைகூடக் கொடுக்காமல் அனுப்பியவர் மேல்தான் கோபம், இன்றுவரை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. அதே அறையில் பிளீச்சிங் பவுடர் டப்பா இருந்தது. ஆசிட்டோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சின்னதாக உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

டப்பின் கதி இதுதான்: துளையைச் சுற்றியிருந்த குரோம் வளையம் கறுத்துவிட்டது. பிளேடு பட்ட இடமெல்லாம் கோடு கோடாகக் கீறல். தின்னர் ஊற்றித் துடைத்த இடம் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மங்கிப்போனது. அக்ரிலிக் ஒரு வகைப் பிளாஸ்டிக். தின்னரும் அசிட்டோனும் அதைக் கரைக்கும். அந்த மங்கல் துடைத்தால் போகிற அழுக்கு இல்லை. கிரவுட் மட்டும் பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

மறுபடி போன். இந்த முறை காண்ட்ராக்டர் சொன்னார்: "எபாக்ஸி மேடம். அது லேசுல போகாது."

சரி, நாமே பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பழைய காட்டன் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, காய்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தேன். பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, பஞ்சில் தொட்டு ஒரு திட்டின் மேல் மட்டும் வைத்தேன். ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பழைய ஏடிஎம் கார்டால் தள்ளினால், ஈர மண் மாதிரி பெயர்ந்து வந்தது.

அப்போதுதான் உறைத்தது. எபாக்ஸி என்பது பிசின். வீட்டு வினிகருக்கெல்லாம் அது அசையாது. இப்படி நுரைத்து இளகுவது சிமெண்ட் கிரவுட். எழுந்துபோய்ச் சுவர் ஜாயிண்டில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். ஒரு நிமிடத்தில் அந்த இடம் கறுத்து, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. கீழே வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு, எங்கள் வீட்டுக் கழிவு மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீரில் கலக்கும் சாதா கிரவுட் காலிப் பாக்கெட்டுகள் மூன்று. எபாக்ஸி என்றால் பிசின் தனி, அதை இறுகவைக்கும் ஹார்டனர் தனியாகத்தான் வரும். அப்படி ஒரு டப்பாகூட இல்லை. 9,500 ரூபாய் போனது இப்படித்தான்.

படங்களோடு அனுப்பிக் கேட்டேன். அதன்பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

மீதிக் கிரவுட்டை எடுக்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின. அவசரப்படாமல் ஊறவைப்பதுதான் முக்கால்வாசி வேலை. வினிகரைச் சில நிமிடங்களுக்கு மேல் விடாதீர்கள், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குரோம் வளையத்திலும் சுவரின் புது ஜாயிண்டிலும் படவே கூடாது. இரும்பு பிளேடுக்குப் பதில் பிளாஸ்டிக் கார்டு, ஐஸ் குச்சி, நைலான் பிரஷ் போதும். மேல்கீறல்களை 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (நைசான உப்புத்தாள்) தண்ணீரோடு வரிசையாகத் தேய்த்து, கார் பாலிஷ் போட்டதில் ஓரளவு மறைந்தன. இது அக்ரிலிக்குக்குத்தான். எனாமல் பூச்சுள்ள இரும்பு டப்பில் இதைச் செய்யாதீர்கள்.

துளைக்குள் போனது தனிச் செலவு. சிமெண்ட் தண்ணீருக்கு அடியிலும் இறுகும், வாளி வாளியாக ஊற்றினாலும் நகராது. பிளம்பர் துளைக்கு அடியில் இருக்கும் வளைந்த குழாயை, அதாவது டிராப்பைக் கழற்றி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியை எடுத்தார். அவர்தான் இன்னொன்றையும் காட்டினார். டப்பும் டைல்ஸும் சேரும் மூலையிலும் கிரவுட்டையே பூசியிருந்தார்கள், அதில் ஏற்கெனவே மயிரிழை விரிசல். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. நிரப்பும்போது டப் கொஞ்சம் கீழே இறங்கத்தான் செய்யும், கிரவுட் அதைத் தாங்காது. அந்த இடத்துக்கு ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும் சிலிக்கான்தான் போட வேண்டும், அதையும் டப்பில் தண்ணீரை நிரப்பிவைத்துப் போட வேண்டும். கசிவை நிறுத்த ஆரம்பித்த வேலை இது!

உங்கள் வீட்டில் வேலை நடந்தால், முதல் நாளே டப்புக்குள் பழைய போர்வையும் அதன்மேல் தடிப் பாலிதீனும் விரித்து, விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். கிரவுட் பூசிய அரைமணிக்குள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் இவ்வளவும் இல்லை. எபாக்ஸிக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால், டப்பாவை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை, நேரில் நின்று டப்பைக் கையால் தடவிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

வரும் சனிக்கிழமை வேறொருவர் வந்து ஜாயிண்டைக் கீறி எடுத்துவிட்டு எபாக்ஸி போடுகிறார். லீவு போட்டுக் கூடவே இருக்கப்போகிறேன். அதுவரை அம்மா வாளியில் வெந்நீர் வைத்துக் கால் நனைத்துக்கொள்கிறார்.