கடலூருக்கு எது முதலில்: துறைமுகமா, இரட்டை ரயில் பாதையா?

செலவு: கெடிலமும் பரவனாறும் கடல் சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு திரும்பத் திரும்பச் சேர்வதால், துறைமுகத்தை ஒருமுறை தூர்வாரினால் போதாது, தொடர்ந்து நிதி வேண்டும். இரண்டாவது தண்டவாளமோ நிலத்துக்கும் பாலங்களுக்கும் தொடக்கத்திலேயே பெருந்தொகை கேட்கும்.

உறுதி: 2011 டிசம்பரில் தானே புயலைக் கண்ட கரை இது, துறைமுகத்தில் கட்டுவதைக் கெட்டியாகக் கட்ட வேண்டும்.

எளிமை: பெரிய கப்பல்கள் ஆழமான இடத்தில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைச் சிறு கலங்களில் மாற்றிக் கரை சேர்க்கும்போது ஒரே சுமை இருமுறை கைமாறுகிறது. 2010இல் அகலப் பாதையான விழுப்புரம்–மயிலாடுதுறைத் தடத்திலோ, ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காகச் சரக்கு ரயில் காத்திருக்க நேர்கிறது.

நிலக்கரி, உரம் போன்றவை கடல்வழி மொத்தமாக வருமெனில் துறைமுகமே பொருந்தும். சிப்காட் ஆலைகளின் சரக்கை உள்நாட்டுக்கு அனுப்ப ரயிலே ஏற்றது. என் தேர்வு, முதலில் ரயில்.