தங்கையின் பிரசவமும் ஊர் ஆஸ்பத்திரியும்

கனடாவிலிருந்து பட்டுக்கோட்டை பக்கம் ஊருக்குப் போனதில் பட்டா, பேங்க் வேலைகள் வழக்கம்போல இழுத்தன, அதை விடுங்கள். எழுத வேண்டியது தங்கையின் பிரசவத்தைப் பற்றித்தான்.

அவளுக்கு முதல் குழந்தை சிசேரியன். இந்த முறை நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இறங்கி, பழைய தழும்பின் மேலேயே ஒட்டியிருந்தது. ஸ்கேனில் தெரிந்ததுதான். இப்படி இருந்தால் நஞ்சு கர்ப்பப்பைச் சுவருக்குள் ஊடுருவி, பிரியாமல் போகலாம். ரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனையில், முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்வதுதான் முறை. அவள் காட்டிக்கொண்டிருந்த தனியார் நர்சிங் ஹோமிலோ "பாத்துக்கலாம்" என்றார்கள். ஒரு ராத்திரி ரத்தப்போக்கு ஆரம்பித்ததும், "இங்க ரத்தம் கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று கைவிரித்தார்கள்.

108 வந்தது. அதில் இருந்தவர் வழியிலேயே போன் போட்டு ரத்த வகையைச் சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனையின் சீமாங் பிரிவு இதுபோன்ற பிரசவ அவசரங்களுக்காகவே ராப்பகலாக இயங்குவது. நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையை நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். நஞ்சு பாதிதான் பிரிந்தது. மருந்து கொடுத்து, ரத்தக்குழாயைக் கட்டிப் பார்த்தும் ரத்தம் நிற்கவில்லை. பெரிய டாக்டரம்மா வெளியே வந்து, "கர்ப்பப்பைய எடுத்தாத்தான் உயிரக் காப்பாத்த முடியும்" என்றார். மாப்பிள்ளை கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ரத்தத்துக்குக் காசு வாங்கவில்லை. ஈடுகட்ட ஆள் வேண்டும் என்றார்கள். ஊர்ப் பையன்கள் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் வார்டில் குழந்தையைக் காட்ட ஒரு ஊழியர் கை நீட்டினார். ஆண் குழந்தைக்கு ஒரு ரேட், பெண்ணுக்கு ஒரு ரேட்டாம்! சிகிச்சையில் இவ்வளவு வேகம் காட்டும் இடத்தில் இதை ஏன் இன்னும் ஒழிக்க முடியவில்லை?

அதைவிடப் பெரிய குறை, தங்கையிடம் யாரும் உட்கார்ந்து பேசாதது. "இனிமே நான் கிழவிதானா அண்ணா?" என்று அழுதாள். அப்புறம் நானே போய் டாக்டரம்மாவைப் பிடித்துக் கேட்டேன். சினைப்பைகளை எடுக்கவில்லை, அதனால் ஹார்மோன் சுரப்பு தொடரும். மாதவிலக்கும் கருத்தரிப்பும்தான் இனி இல்லை என்றார். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருப்பதால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையைப் பின்னாளில் மறக்கக் கூடாதாம். இரண்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொன்னோம். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு 102 தாய் சேய் ஊர்தியில் இலவசமாகக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த டிரைவர் டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.