மறக்கும் உராய்வா, மறக்காத உராய்வா?

ஒரு வட்டத் தட்டு வாயுவுக்குள் போகிறது. மாறாத விசை ஒன்று அதைத் தள்ளுகிறது, துகள்கள் மோதித் தடுக்கின்றன. தள்ளலும் தடையும் சமமாகும்போது கிடைப்பது முடிவு வேகம். தட்டு அதை எப்படி நெருங்குகிறது என்று கணக்கிட நிரல் எழுத உட்கார்ந்தபோது, உராய்வை எந்த வகையில் எழுதுவது என்பதிலேயே நின்றுவிட்டேன்.

முதல் வழி எல்லோருக்கும் பழக்கமானது. உராய்வு இந்தக் கணத்தின் வேகத்தை மட்டும் பொறுத்தது. கூழ்போன்ற திரவத்தில் மெதுவாக நகரும் கோளத்துக்கு ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதி இந்த ரகம்தான். ஒரே வரிச் சமன்பாடு. மீதமுள்ள வேக வித்தியாசம் சம கால இடைவெளிகளில் சம விகிதத்தில் சுருங்கும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது வழியில் உராய்வைத் துகள்களிலிருந்தே கட்ட வேண்டும். துகள்கள் தங்களுக்குள் மோதுவதில்லை, தட்டோடு மட்டும் மோதுகின்றன. நிறை மிகச் சிறிது, எண்ணிக்கை மிகப் பெரிது. சராசரியில் வேலை செய்வதால் தனித்தனித் துகளைத் துரத்த வேண்டியதில்லை. ஆனால் தட்டு இதுவரை போன வேகம் முழுவதையும் சேமித்து வைத்தாக வேண்டும்.

நான் எடுத்தது இதைத்தான். காரணம், மறுமோதல். தட்டு ஆரம்பத்தில் முட்டிய துகள் அதைவிடச் சற்றே வேகமாக முன்னால் ஓடுகிறது. தட்டோ இன்னும் வேகம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் நெடுநேரம் கழித்து அதே துகளை எட்டிப் பிடித்து மறுபடி முட்டுகிறது. பழைய கடன் திரும்பி வருவது மாதிரி. முதல் வழிக்கு இந்தக் கடன் கண்ணிலேயே படாது.

2006-இல் கப்ரீனோ, மார்க்கியோரோ, புல்விரெந்தி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் இதன் விளைவை நிறுவினார்கள். தொடக்க வேகம் முடிவு வேகத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால், மீதமுள்ள வித்தியாசம் காலத்தின் (பரிமாணம் + 2)-ஆம் அடுக்குக்குத் தலைகீழாகத்தான் குறையும். முப்பரிமாணத்தில் 5-ஆம் அடுக்கு. போகப்போக இது முதல் வழியின் சம விகிதச் சுருக்கத்தைவிட மிக மெதுவானது.

அந்த 5 எங்கிருந்து வருகிறது என்பதை விரலாலேயே எண்ணலாம். நெடுநேரம் கழித்தும் துகள் தட்டின் எதிரிலேயே இருக்க, அதன் பக்கவாட்டு வேகம் தட்டின் அகலத்தைக் காலத்தால் வகுத்த அளவுக்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டுத் திசைகள் இரண்டு, ஆக 2. முன்னோக்கிய வேகமும் ஒரு குறுகிய இடைவெளிக்குள் இருக்க வேண்டும், அதுவும் காலத்தோடு சுருங்குகிறது: 1. ஒப்பு வேகம் குறைந்தால் மோதல்கள் குறையும்: இன்னொரு 1. ஒவ்வொரு மோதலின் உதையும் சிறுக்கும்: கடைசி 1. தட்டு துகளை உள்வாங்கி, வெப்பநிலைக்கேற்ற புது வேகத்தோடு உமிழ்வதாக வைத்தால் இந்தக் கடைசி ஒன்று போய்விடும், ஏனென்றால் அப்போது உதை சிறுப்பதில்லை. அடுக்கு 4, இன்னும் மெதுவான நெருக்கம். தட்டின் மேற்பரப்பு துகளை எப்படித் திருப்புகிறது என்பதே வேக வளைவின் வாலை, அதாவது நெடுநேரத்துக்குப் பிந்தைய பகுதியின் வடிவத்தை மாற்றுவதை முதன்முதலில் பார்த்தபோது கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

சரி, விலை? பராமரிப்பில் முதல் வழிதான் ஜெயிக்கும். 10,000 படிகளுக்கு அதில் 10,000 கணக்குகள். இரண்டாவதில் ஒவ்வொரு படியிலும் முந்தைய படிகளையெல்லாம் புரட்ட வேண்டும், கிட்டத்தட்ட 5 கோடி ஒப்பீடுகள். அப்புறம், பின்பாதியில் வித்தியாசம் மிகச் சிறிதாகி கணினி எண்களைக் குறிப்பிட்ட இலக்கத்தோடு வெட்டிச் சுருக்குவதால் வரும் பிழைக்குள்ளேயே தொலைந்துவிடும். காலப்படியை மாற்றி மாற்றி ஓட்டித்தான் கிடைத்த வளைவை நம்பினேன்.

ஒற்றைப் பரிமாணத்தில்தான் இதையெல்லாம் முழுதாக ஓட்டினேன். அங்கே அடுக்கு 3. முப்பரிமாணத்துக்குக் காகிதக் கணக்கோடு நிறுத்திக்கொண்டேன். தொடக்க இடைவெளி பெரிதாக இருக்கும் நிலையை நான் தொடவில்லை, மேலே சொன்ன நிரூபணமும் சிறிய இடைவெளிக்குத்தான். துகள்கள் தங்களுக்குள்ளும் மோதும் அடர்ந்த வாயு என்றால் இது வேறு கதை. முடிவு வேகம் எவ்வளவு என்பது மட்டும் போதுமென்றால் முதல் வழியே போதும், தட்டு அங்கே எப்போது போய்ச் சேரும் என்று கேட்டால் மட்டும் போதாது.