ரோபோ முழங்கால் மாற்று: பெங்களூரு ஆஸ்பத்திரிகளின் பேக்கேஜ் யாருக்குப் பயன்படும்?

பெங்களூரில் மூட்டு வலி என்று எந்தப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இப்போது ‘ரோபோ’ பேச்சு வராமல் இருப்பதில்லை. அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கூடுதல் பணம் கொடுக்கலாமா? சில கால்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பெரும்பாலான கால்களுக்கு, அதே பணம் நல்ல சர்ஜனுக்கும் ஆறு வார பிசியோவுக்கும் போனால் பலன் அதிகம்.

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தொடை எலும்பில் இரண்டு, கீழ்க்கால் எலும்பில் இரண்டு என்று பின்களை இறக்கி, அவற்றின் மேல் டிராக்கர்களை, அதாவது எலும்பு இருக்கும் இடத்தைக் கேமராவுக்குக் காட்டும் அடையாளங்களைப் பொருத்துகிறார்கள். சர்ஜன் ஒரு கூர்முனைக் கருவியால் எலும்பின் மேல் பல புள்ளிகளைத் தொட்டுக் காட்ட, கேமரா அவற்றைப் படித்துக்கொள்கிறது. பிறகு காலை நீட்டியும் மடக்கியும் தசைநார்களின் இறுக்கத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, வெட்டும் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள். இந்த ரோபோக்களில் பல பிராண்டுகள் உண்டு. மேக்கோவுக்கு முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் வேண்டும்; கோரி, வேலிஸ் இரண்டுக்கும் வேண்டாம். மேக்கோவில் ரம்பத்தைப் பிடித்திருப்பது சர்ஜனின் கைதான். வரையறுத்த எல்லையைத் தாண்டப் போனால் இயந்திரக் கை நிறுத்திவிடும். முழங்காலின் பின்பக்கத்து ரத்தக்குழாய்க்கு இது நல்ல காவல். குவிஸ் என்ற இன்னொரு பிராண்டில், போட்ட திட்டப்படி இயந்திரமே எலும்பை அரைக்கிறது.

பலருக்கும் சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. மேக்கோ என்றால் ஸ்ட்ரைக்கர் கம்பெனியின் இம்பிளாண்ட் (உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு), ரோசா என்ற ரோபோ என்றால் சிம்மர் பயோமெட் கம்பெனியுடையது, கோரி என்றால் ஸ்மித் அண்ட் நெஃப்யூ கம்பெனியுடையது. இவற்றில் எந்த இயந்திரம் என்று ஒத்துக்கொள்ளும்போதே உள்ளே வைக்கப்போகும் மூட்டையும் முடிவு செய்துவிடுகிறீர்கள். உங்கள் சர்ஜன் வருடக்கணக்காக வேறொரு மூட்டைப் போட்டுக் கை பழகியவராக இருந்தால், அதை விட்டுவிட்டு ஏன் இது என்று கேட்பது உங்கள் உரிமை.

இதில் தவறு நடக்கும் இடங்களும் உண்டு. எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு, எலும்பில் இறக்கிய பின்கள் தளரலாம். உதவியாளரின் கை பட்டு டிராக்கர் நகரலாம். அதற்குப் பிறகு திரையில் தெரியும் அளவு எல்லாமே பொய். அதனால்தான் வெட்டும் முன் செக்பாயின்ட்டை, அதாவது எலும்பில் முன்பே குறித்து வைத்த புள்ளியைத் தொட்டுச் சரிபார்க்கிறார்கள். பின்களைப் போட்ட ஓட்டை வழியாக எலும்பு முறிவதும் அபூர்வமாக நடக்கிறது. ஆபரேஷனுக்குப் பிந்தைய மாதங்களில், தையலை விட்டுத் தள்ளித் தொடையிலோ கீழ்க்காலிலோ புதிதாக வலி வந்தால், தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

இப்போது யாருக்கு இது தேவை என்பதற்கு வருவோம். வழக்கமான முறையில், தொடை எலும்பின் உள்குழலில் நீளமான கம்பியைச் செலுத்தித்தான் அச்சை, அதாவது கால் நேராக நிற்க வேண்டிய கோட்டைக் கண்டுபிடிப்பார்கள். பழைய விபத்தில் முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு, உள்ளே பிளேட் அல்லது ராடு இருக்கும் எலும்பு என்றால் அந்தக் கம்பி போகாது. அங்கே ரோபோவோ, வெட்டும் இடத்தைத் திரையில் காட்டும் கணினி நேவிகேஷனோ உண்மையிலேயே கைகொடுக்கும். பாதி மூட்டு மட்டும் மாற்றும் அறுவையிலும் துல்லியம் எடுபடுகிறது. சாதாரண தேய்மானத்துக்கு? எக்ஸ்ரேயில் அச்சு அழகாக வருகிறது, சந்தேகமில்லை. ஆனால் 2020-ல் வெளியான தென்கொரிய ஆய்வில், பழைய ரோபோடாக் இயந்திரத்தால் செய்த மூட்டுகளையும் கையால் செய்தவற்றையும் பத்தாண்டுக்கு மேல் ஒப்பிட்டபோது, நடையிலும் மூட்டின் ஆயுளிலும் வித்தியாசம் தெரியவில்லை. இன்றைய இயந்திரங்கள் மேம்பட்டவை. அவற்றுக்கும் அப்படி நீண்டகாலக் கணக்கு வரட்டும்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்பிளாண்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று 54,720 ரூபாய், வரி தனி. ரோபோ கட்டணம், பின்கள், டிரேப் (இயந்திரத்தின் மேல் போர்த்தும் கிருமி நீக்கிய உறை) போன்ற டிஸ்போசபிள்கள், சி.டி. ஆகியவை இந்த வரம்புக்குள் வராது. எஸ்டிமேட்டில் இவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். ரோபோ அறுவையை இன்சூரன்ஸ் கம்பெனி அடியோடு மறுக்க முடியாது, ஆனால் அதற்குத் தனி வரம்பு வைக்கலாம். பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இம்பிளாண்ட் ஸ்டிக்கர்கள், அளவும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) தெரியும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து மூட்டைத் திரும்ப மாற்ற நேர்ந்தால் அந்தச் சிறிய காகிதம்தான் வழிகாட்டி.

ரோபோவை விட நோயாளிக்கு அதிகம் உதவிய மாற்றங்கள் வேறு: முதுகு மயக்க ஊசி, தொடையின் உள்பக்கத்தில் கொடுக்கும் அடக்டர் கெனால் பிளாக் என்ற மரத்துப்போகச் செய்யும் ஊசி, மூட்டைச் சுற்றிப் போடும் வலி மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம். இவையெல்லாம் சரியாக நடந்தால் அன்று மாலையே வாக்கர் பிடித்து நடக்கலாம். இவை இல்லாத ரோபோ பேக்கேஜை எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் அதிகம் கெடுப்பது தலையணை. சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் வைத்தால் கால் வளைந்தபடியே இறுகிவிடும், பிறகு நடை நொண்டும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து நொடி பிடிக்க வேண்டும். பத்துப் பத்தாக, நாளைக்குப் பலமுறை. இரண்டு வாரத்தில் முழு நீட்டலும் 90 பாகை மடக்கலும், ஆறு வாரத்தில் 110 பாகைக்கு மேலும் வந்தால் நல்லது. ஆறு வாரமாகியும் 90 தாண்டவில்லை என்றால் சர்ஜனிடம் உடனே காட்டுங்கள். மயக்க மருந்து கொடுத்து டாக்டர் காலை மடக்கிவிடும் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு நாளாக நாளாகக் குறையும். இந்தியன் டாய்லெட்டில் குந்துவதையும் தரையில் சம்மணமிடுவதையும் எந்த இயந்திரமும் உறுதி தர முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கைப்பிடியும் போட்டுவிடுங்கள்.

தையலில் நீர் கசிந்தால் தெருமுனை மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். மாத்திரை உள்ளே போய்விட்டால் மூட்டு நீரைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்தாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். அன்றைக்கே ஆபரேஷன் செய்த சர்ஜனைப் பாருங்கள்.