எலி கடித்த வயரிங்: கிட்டையே மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா?

தாம்பரத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. மழை பிடித்தால் அங்கிருக்கும் எலிகள் காரின் பானெட்டுக்குள் வந்து ஒதுங்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் மூன்று சிலிண்டரில் தடதடக்கிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒன்பது வயர் கடிபட்டிருந்தன. இரண்டு, பிளக்கில் பொறி வரவைக்கும் ஒரு இக்னிஷன் காயிலுக்கும், மீதி ஏழு சென்சார்களுக்கும் போகிறவை.

சர்வீஸ் சென்டரில் வயரிங் கிட்டை, அதாவது இன்ஜினின் வயர்கள் எல்லாம் சேர்ந்த கட்டை, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். 42,000 ரூபாய், பொருள் வர இரண்டு வாரம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் கேட்டது 4,800, ஒரு நாள் வேலை. நான் எலக்ட்ரீஷியனிடம்தான் போனேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். பணம் மட்டும் காரணமில்லை. கிட்டை மாற்ற, நன்றாக இருக்கிற கப்ளர்களையும் (வயர் முனைகளை மாட்டும் பிளாஸ்டிக் இணைப்புகள்) சேர்த்து எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். எட்டு வருஷச் சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் லாக்குகள் கழற்றும்போதே உடையும். அப்புறம், புதுக் கிட்டையும் அதே எலி கடிக்கும்.

ஆனால் ஒட்டு நிற்குமா என்பதுதான் முழுக் கேள்வியும். வயரை முறுக்கி டேப் சுற்றினால் வண்டி அன்றைக்கு ஓடும். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகும், ஓரம் விரியும், ஈரம் உள்ளே போகும். செம்பு இழைகளின் இடுக்கில் தண்ணீர் தானாகவே ஏறும். சில மாதத்தில் இழையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். ஹாரன் வயரில் அதனால் பெரிய தொல்லை இல்லை. சென்சார் வயரில் வருவது பெரும்பாலும் 5 வோல்ட்தான். அதில் சின்ன இழப்பு வந்தாலும் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்குத் தப்பான கணக்குப் போகும். அதுவும் மழை நாளில் மட்டும் வரும், வெயிலில் மறைந்துவிடும். தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

என் வண்டியிலேயே இது நடந்தது. முதல் நாள் அவசரத்துக்குத் தெருமுனை மெக்கானிக் காயில் வயர் இரண்டையும் முறுக்கி டேப் போட்டுக் கொடுத்திருந்தார். எலக்ட்ரீஷியன் ஒன்றைப் பிரித்து ஒழுங்காகச் செய்தார். பின்னால் மறைந்திருந்த இன்னொன்றை, "அது நல்லாத்தான் இருக்கு சார்" என்று விட்டுவிட்டார், நானும் சரி என்றேன். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி அதே தடதடப்பு. பிரித்தால் அந்த ஒரு ஒட்டு மட்டும் பச்சை. மற்ற எட்டும் இன்றுவரை அப்படியே நிற்கின்றன.

அந்த எட்டும் செம்புக் குழல் மாட்டி, அதற்கென்று உள்ள இடுக்கியால் நசுக்கி, மேலே உள்பக்கம் பசை பூசிய ஷ்ரிங்க் ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடு காட்டியவை. சூட்டில் ஸ்லீவ் சுருங்கும்போது பசை உருகி இரண்டு ஓரத்திலும் கசிய வேண்டும். கசிந்தால்தான் தண்ணீர் போகாது. பசையில்லாத சாதா ஸ்லீவ் இதற்கு உதவாது. ஈயத்தால் பற்றவைப்பது தப்பில்லை, ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் விறைத்துப் போகும். இன்ஜின் அதிர்வில் விறைத்த இடத்தின் ஓரத்தில்தான் வயர் ஒடியும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரிலிருந்து வரும் வயரில் ஈயமே கூடாது. இந்த வகைச் சென்சார்கள் பல, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த இழைகளின் இடுக்கு வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன.

இணைப்பு வயர் அதே கனத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் அதே நிறத்திலும். அதற்காக நான் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை போய், அதே மாடல் வண்டியிலிருந்து வெட்டிய கப்ளர்களை வயர் வாலோடு வாங்கி வந்தேன். பழைய கிட் முழுதாகவே கிடைக்கிறது, ஆனால் அதை மாட்டச் சொல்ல மாட்டேன். வேரியன்ட் மாறினால் கப்ளருக்குள் இருக்கும் ஊசிகளின் வரிசை மாறும், உள்ளே எத்தனை ஒட்டு என்றும் தெரியாது. ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாக இருக்கட்டும். மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டையே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. வயர் உரசி எரிந்திருந்தால், கம்ப்யூட்டர் கப்ளரின் வாயிலேயே கடித்திருந்தால், ஒட்ட வயர் மிச்சமிருக்காது. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயரில் யார் சொன்னாலும் ஒட்டுப் போட விடாதீர்கள். ஹைப்ரிட், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிளை வெளியாள் தொடவே கூடாது. என் அனுபவம் ஒரே ஒரு பெட்ரோல் வண்டியில்தான், டீசலுக்கு அதை அப்படியே நீட்டிச் சொல்ல மாட்டேன்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பல கம்பெனிகள் எலிக்கடிக்குப் பணம் தருகின்றன. 1,500 சிசி வரை 1,000 ரூபாய் நாம் கட்டாயம் போட வேண்டும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பார்கள். பெரிய இழப்பு நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் செய்யாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி. 50 சதவீதத்தில் இருந்த நான் க்ளெய்ம் செய்திருந்தால் அது பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50 வர ஐந்து க்ளெய்ம் இல்லாத வருஷம் வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் போனஸ் கழிக்கும் முன் 8,000 என்று வைத்தால், அதற்குள் மொத்தம் 10,000 ரூபாய் கைவிட்டுப் போகும். 42,000 பில்லுக்கு க்ளெய்ம் லாபம்தான். 4,800-க்கு நஷ்டம்.

வண்டியை விடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனிடம் அந்த ஸ்லீவை ஒன்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பசை பளபளவென்று தெரியும். டேப் சுருளை மட்டும் காட்டினால் வேறு கடை பாருங்கள்.